வாத்தியாரும் கோச்சும்

மீஞ்சூர் பக்கம் ஜிம்மே கதியென்று கிடக்கும் தம்பி தங்கைகள் கோச் ஆக வழி கேட்கிறார்கள். வடசென்னைக்கு இதில் ஒரு வரலாறு உண்டு.

பிரிட்டிஷ் காலத்தில் ஆங்கிலோ இந்தியர்கள் ஆடிய குத்துச்சண்டையைத் துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் தமதாக்கினார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகள் வளர்ந்தன. பெயர்தான் பரம்பரை, அது ரத்தத்தால் வருவதல்ல, எந்த வாத்தியாரிடம் கற்றாயோ அதுவே உன் பரம்பரை. (சாதி அங்கே எட்டிப்பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டோம்.) மேடையில் அடி வாங்கியவர், அடுத்த பையனுக்குக் காலடி சொல்லித் தந்தால் வாத்தியார். 2021-இல் பா. ரஞ்சித் படத்தில் நாம் பார்த்த ரங்கன் வாத்தியாரிடம் யார் சான்றிதழ் கேட்டார்கள்?

1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தது. இன்று அரசு கோச் வேலைக்குப் பெரும்பாலும் அதன் டிப்ளமோ கேட்கிறார்கள். டிப்ளமோவில் சேரப் பொதுவாகப் பட்டம் வேண்டும். உடலியல் தெரியாத பயிற்சி முழங்காலைக் கெடுக்கும், ஆகவே படிப்பை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பள்ளியை விட்டு மூட்டை தூக்கப் போனவரின் இருபது வருட அனுபவத்துக்கு அந்த விண்ணப்பத்தில் இடமில்லை.

டிகிரியை விடாதீர்கள். கல்லூரிப் போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள்; சேர்க்கையில் பார்ப்பார்கள். அங்கே ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் இருக்கிறது.