அவர்களும் பெண்களே

நாவுலப் பகுதிக்குத் தெற்கேயுள்ள மாத்தளை மலைச்சரிவுகளில் தேயிலை கொய்யும் பெண்களின் வாக்குரிமைக்குத் தனி வரலாறு உண்டு. 1927ஆம் ஆண்டில் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் டொனமூர் ஆணைக்குழு முன் சாட்சியமளித்தது. இந்தியத் தமிழ்த் தோட்டப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே என்றார் அக்னஸ் டி சில்வா. 1931ஆம் ஆண்டில் 21 வயது நிரம்பிய இருபாலாரும் வாக்குரிமை பெற்றனர். வதிவிட நிபந்தனைகளை நிறைவேற்றிய தோட்டப் பெண்களும் அவருள் அடங்குவர்.

ஆயினும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று. பெண் என்று பெற்றதை, நாடற்றவள் என்று அவள் இழந்தாள். மனித உரிமை நிலைபெறாத இடத்தில் பெண்ணுரிமை மட்டும் தனித்து நில்லாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.