சாவைக் கேட்டவரும் சிகிச்சையைக் கேட்டவர்களும்

தீராத நோயில் கிடப்பவர் தன் முடிவைத் தானே தேர்ந்துகொள்ளச் சட்டம் இடம் தர வேண்டுமா? உலகின் பல நாடாளுமன்றங்களில் இன்று இதுதான் விவாதம். ஆந்திரத்தில் இந்தக் கோரிக்கை நீதிமன்றப் படியேறியது புதிதல்ல. 2004இல், அன்று ஆந்திரத்தில் இருந்த ஐதராபாத்திலிருந்து ஒரு மனு வந்தது. 2016இலும் 2021இலும் அன்றைய சித்தூர் மாவட்டத்திலிருந்து இரண்டு மனுக்கள் வந்தன. மூன்றையும் கருணைக்கொலை மனுக்கள் என்றே நாளிதழ்கள் எழுதின. ஐதராபாத்தை ஒரு பக்கமும் சித்தூரை மறு பக்கமும் வைத்துப் பார்த்தால், இரு தரப்பும் கேட்டது ஒன்றையே அல்ல என்பது தெரியும்.

ஐதராபாத் மனு

கே. வெங்கடேஷ் சதுரங்க வீரர். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் மரபு நோய் அவரை வென்டிலேட்டர் வரை கொண்டுவந்தது. அப்போது அவருக்கு வயது 25. உறுப்புகள் கெடுவதற்கு முன்பே அவற்றைப் பிறருக்குத் தந்துவிட்டுப் போக விரும்பினார். அந்த விருப்பத்தை அவருடைய தாய் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். நீதிமன்றம் மறுத்தது. மூளைச்சாவுக்குப் பிறகே இத்தகைய உறுப்புகளை எடுக்கலாம் என்பது 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம். 2004 டிசம்பரில் அவர் இறந்தார்.

அந்த மனுவில் கேட்டவர் வயதுவந்தவர். தெளிந்த மனத்தோடு தனக்காகக் கேட்டார். அவருக்குச் சிகிச்சை கிடைத்துக்கொண்டிருந்தது. மருத்துவம் தன்னாலானதைச் செய்து முடித்திருந்தது. மிச்சமிருந்த நாட்களை யார் முடிவு செய்வது என்பது மட்டுமே அவருடைய கேள்வி.

சித்தூர் மனுக்கள்

2016 ஜூனில் தம்பள்ளப்பள்ளி நீதிமன்றத்துக்கு ஓர் ஏழைப் பெற்றோர் வந்தார்கள். அவர்களின் எட்டு மாதக் குழந்தைக்குக் கல்லீரல் நோய். மாற்று அறுவை சிகிச்சைக்கு ஆகும் லட்சங்களை அவர்களால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. குழந்தையின் உயிரை முடிக்க அனுமதி கேட்டார்கள். தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது நீதிமன்றம். செய்தி வெளியானதும் மாநில அரசு செலவை ஏற்க முன்வந்தது. சென்னையில் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2021இல், புங்கனூர் நீதிமன்றத்துக்கு ஒரு தாய் வந்தார். அவருடைய ஒன்பது வயது மகன் நீண்ட நாள் நோயாளி. மருத்துவச் செலவில் குடும்பம் கடனாளியாகியிருந்தது. அவரும் அதையே கேட்டார். வீடு திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே சிறுவன் இறந்துபோனான்.

ஒரே மாவட்டம், ஒரே கோரிக்கை. முதல் மனுவுக்குப் பணம் வந்தது. கோரிக்கை தானாக மறைந்தது. பணம் கிடைத்ததும் மறைந்துபோகும் கோரிக்கை, சாவதற்கான கோரிக்கையே அல்ல. இரண்டாவது மனுவுக்கு உதவி வந்து சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

சட்டம் யாருக்கு உதவுகிறது?

மருந்து கொடுத்தோ ஊசி போட்டோ சாவுக்கு உதவுவது இந்தியாவில் இன்றும் குற்றம். சாகும் உரிமை அரசியல் சாசனத்தில் இல்லை என்று 1996இல் கியான் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011இல் அருணா ஷான்பாக் வழக்கில், உயிரைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சையை நிறுத்தக் கடும் நிபந்தனைகளோடு வழி திறந்தது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில், கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இனி மீட்சியில்லை என்ற நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே உயிலாக எழுதி வைக்கவும் அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ அந்த உயிலில் கையெழுத்திட்டால் போதும். இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இன்றைய வெங்கடேஷுக்கு இந்தத் தீர்ப்பு பாதி பதில் தருகிறது. உறுப்புதான ஆசை நிறைவேறாது; ஆனால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்லும் அவர் குரலுக்கு மதிப்பு உண்டு. புங்கனூர்ச் சிறுவனுக்கோ இதில் ஒரு வரியும் உதவாது. அவன் எந்த இயந்திரத்தோடும் பிணைக்கப்பட்டிருக்கவில்லை. நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. நம் சட்டம் தீவிர சிகிச்சைப் பிரிவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டுத் திண்ணையில் வலியோடு படுத்திருக்கும் முதியவரும் அதன் கண்ணில் படுவதில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் மருத்துவ உதவியோடு இறக்கச் சட்டம் உண்டு. 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; நோய் ஆறு மாதத்துக்குள் இறப்பில் முடியும் என்று இரண்டு மருத்துவர்கள் கணித்து உறுதி செய்ய வேண்டும்; நோயாளியே கேட்டு, மருந்தைத் தானே உட்கொள்ள வேண்டும். பெற்றோர் பிள்ளைக்காகக் கேட்க அங்கே இடமே இல்லை. அந்த மாநில அரசின் ஆண்டறிக்கைகள் சொல்வது முக்கியமானது. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இறுதிக்காலப் பராமரிப்பில் இருந்தவர்கள். தன் வாழ்வு தன் கையில் இல்லை என்பதையே அவர்களில் பலர் காரணமாகச் சொன்னார்கள். செலவைக் காரணம் சொன்னவர்கள் குறைவு. ஐதராபாத் மனு அந்த வரிசையில் நிற்கும். சித்தூர் மனுக்கள் நிற்கா.

எது முதலில்?

ஓரிகன் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்பவர்களின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். வெங்கடேஷ் போன்ற ஒருவரின் சொல்லைத் தட்டிக்கழிக்க நமக்கு என்ன உரிமை என்ற கேள்வி என்னையும் வருத்துகிறது. ஆனால் மருத்துவக் கடன் வீட்டையே விழுங்கும் ஊரில், சாவதற்கான அனுமதி சிகிச்சையைவிட மலிவாகக் கிடைத்துவிடக் கூடாது. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்று எண்ணும் ஒரு தாய் கையெழுத்திட்டால், அதைச் சுதந்திரமான முடிவு என்று எப்படிச் சொல்வது?

முதலில் வர வேண்டியது வலி தணிக்கும் சிகிச்சை. இதில் வழிகாட்ட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2008இலேயே இதற்கென அரசுக் கொள்கை வகுத்த கேரளத்தில், செவிலியர்களும் தன்னார்வலர்களும் நோயாளியின் வீடு தேடிப் போகிறார்கள். 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டதால் மருத்துவமனைகள் கடும் வலியைத் தணிக்கும் மார்பின் மருந்தை வைத்திருப்பது எளிதாகியிருக்கிறது. திருப்பதியில் தேவஸ்தானம் தொடங்கிய ஸ்விம்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசின் ரூயா மருத்துவமனை இருக்கிறது. டாடா அறக்கட்டளை துணையோடு எழுந்த புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. சித்தூரிலிருந்து சற்றுத் தூரத்தில் வேலூர் சிஎம்சி. இத்தனை மருத்துவம் சூழ்ந்த மாவட்டங்களில், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரிக்கப்பட்ட நோயாளி ஒருவர்கூட மார்பின் இல்லாமல் துடிக்கக் கூடாது. பிள்ளையின் நோய்க்கு வழி தேடும் பெற்றோர் நீதிமன்றத்தை நாடும் முன், ஆட்சியர் அலுவலகம் அவர்களைத் தேடிப் போக வேண்டும். செய்தி வெளியான பிறகு காட்டும் கருணை ஒரு குழந்தைக்குத்தான் எட்டும்.

அடுத்தது, இருக்கும் உரிமையைக் கையில் கொடுப்பது. முன்கூட்டிய மருத்துவ உயிலை எழுத ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் தெலுங்கிலும் தமிழிலும் படிவமும், உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். இவை இரண்டும் நிலைபெற்ற பிறகு, வெங்கடேஷின் கேள்வியை நாடாளுமன்றம் தயங்காமல் எடுத்துப் பேசட்டும்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உடல்நலத்தோடு இருக்கும்போதே வீட்டாரை உட்காரவைத்து, கடைசி நாட்களில் உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு அதை எழுதி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.