சொல்லும் அதிகாரம்: தென்கொரிய நோய்க்கட்டுப்பாட்டு அமைப்பை முன்வைத்து

2015 மே மாதம் சோல் நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் 68 வயது நோயாளி ஒருவர் காய்ச்சலும் இருமலுமாகச் சேர்ந்தார். மத்தியக் கிழக்கிலிருந்து சில நாட்களுக்கு முன் திரும்பியவர். மெர்ஸ் என்னும் மத்தியக் கிழக்குச் சுவாச நோய் என்று ஐயுற்ற மருத்துவர், கொரிய நோய்க்கட்டுப்பாட்டு மையத்திடம் பரிசோதனை கோரினார். நோயாளி போய்வந்ததாகச் சொன்ன பஹ்ரைன், மெர்ஸ் பதிவான நாடுகளின் பட்டியலில் இல்லை என்று கோரிக்கை முதலில் ஏற்கப்படவில்லை. மருத்துவமனை விடாமல் கேட்ட பிறகே பரிசோதனை நடந்தது. மே 20 அன்று நோய் உறுதியானது. அதற்குள் அவர் வேறு மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெற்றிருந்தார். 186 பேர் நோயுற்று 38 பேர் இறந்து முடிந்த அந்தத் தொற்று, அரேபியத் தீபகற்பத்துக்கு வெளியே நிகழ்ந்த மிகப்பெரிய மெர்ஸ் பரவல்.

இத்தனைக்கும் கொரியாவில் அப்போது ஆய்வுக்கூடம் இல்லாமல் இல்லை. முந்தைய சார்ஸ் சுவாசத் தொற்று தந்த பாடத்தால் 2004-லேயே இந்த மையம் அமைக்கப்பட்டிருந்தது. ஒரு நாட்டின் பொதுச் சுகாதார நிறுவனம் பயன்தருவதாக அமைய நிதி, கருவி, நிபுணர் ஆகிய மூன்றும் போதும் என்னும் பரவலான கருத்துக்கு 2015-இன் கொரியா வலுவான மறுப்பு. நோய் இருக்கிறது என்பதை நிறுவனம் அறிவதற்கும் அதை அறிய வேண்டியவர்கள் அறிவதற்கும் நடுவே எவ்வளவு காலம் கழிகிறது, அந்தக் காலத்தைக் குறைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற இரு கேள்விகளே ஒரு நிறுவனத்தின் திறனைக் காட்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மெர்ஸ் பரவலுக்கு நெரிசலான அவசரப் பிரிவுகள், நோயாளிக்கு உறவினரே துணையிருக்கும் வழக்கம், ஒரு மருத்துவமனையில் குணமாகாவிட்டால் அடுத்ததை நாடும் பழக்கம் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவை உண்மையே. ஆனால் அந்த நெரிசலுக்குள் நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மௌனம். நோய் பரவிய மருத்துவமனைகளின் முழுப் பெயர்ப் பட்டியலை அரசு ஜூன் 7 வரை வெளியிடவில்லை. மக்கள் பீதியடைவார்கள், மருத்துவமனைகளுக்கு இழப்பு வரும் என்பது காரணம். பியோங்டேக் நகர மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியிடமிருந்து தொற்றுக்கு ஆளான 14-ஆம் நோயாளி, மே 27 அன்று சோலுக்கு வந்து ஒரு பெரிய அவசரப் பிரிவில் மூன்று நாட்கள் கிடந்தார். அவர் எந்த மருத்துவமனையிலிருந்து வருகிறார் என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். அந்த மருத்துவமனையில் மெர்ஸ் பரவிக்கொண்டிருந்தது மட்டும் தெரியாது. எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு அவரிடமிருந்து நோய் தொற்றியது. சோலுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டியது ஒரு பெயர்தான்!

மௌனத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ஜூன் 4 இரவு சோல் மேயர் பார்க் வோன்-சூன் தாமாகவே செய்தியாளர்களைக் கூட்டி, நோயுற்ற ஒரு மருத்துவரின் நடமாட்டத்தை அறிவித்தார். அந்த விவரங்களைச் சம்பந்தப்பட்ட மருத்துவர் மறுத்தார். அறிந்த நிறுவனம் பேசாதபோது அரைகுறையாக அறிந்தவர்கள் பேசுகிறார்கள். மக்கள் அதையும் நம்பாமல் இதையும் நம்பாமல் தவிக்கிறார்கள்.

மையம் ஏன் பேசவில்லை? அதன் அதிகாரிகளைக் கோழைகள் என்பது எளிது, அநியாயமும்கூட. சுகாதார அமைச்சகத்தின் கீழ்ப்பட்ட அமைப்பு அது. அதன் தலைவர் துணை அமைச்சருக்கும் கீழ்நிலையில் இருந்தார். களத்தில் தொற்றுத் தடம் தேடிய புலனாய்வு அலுவலர்களில் பெரும்பாலோர், கட்டாய இராணுவ சேவைக்கு மாற்றாகச் சில ஆண்டுகள் பணிசெய்ய வந்த இளம் மருத்துவர்கள். அனுபவம் சேர்வதற்குள் பணிக்காலம் முடிந்துவிடும்.

மெர்ஸுக்குப் பின் கொரியா செய்த மாற்றங்களில் முதன்மையானதாக நான் கருதுவது, நோயாளி சென்ற இடங்கள், சிகிச்சை பெற்ற மருத்துவமனைகள் ஆகியவற்றை உடனடியாக வெளியிட வேண்டும் என்று 2015-இலேயே தொற்றுநோய்ச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி. சொல்லலாமா வேண்டாமா என்று மேலிடத்தைக் கேட்டு நிற்கும் நிலையை அது மாற்றியது. சொல்லாமல் இருப்பதுதான் இனி விளக்கம் சொல்ல வேண்டிய செயல். 2016-இல் மையத்தின் தலைமைப் பதவி துணை அமைச்சர் நிலைக்கு உயர்ந்தது. இருபத்து நான்கு மணி நேர அவசரக்கால மையம் வந்தது. நெருக்கடியில் பரிசோதனைக் கிட்டுகளுக்கு விரைந்து அனுமதி தரும் முறையும் சட்டத்தில் இடம்பெற்றது. மெர்ஸ் காலத்தில் பொறுப்பிலிருந்து, பின்னர் துறைவழித் தண்டனைக்கும் ஆளான ஜியோங் உன்-கியோங் 2017-இல் மையத்தின் தலைவரானார். பட்டறிந்தவரை ஒதுக்கித் தள்ளாமல் பொறுப்பில் அமர்த்தியதும் ஒரு நிறுவன முடிவுதான்.

இவை காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை என்பதற்கு 2020 ஜனவரி 27 சான்று. சந்திரப் புத்தாண்டு விடுமுறை நாள். அதுவரை நாட்டில் உறுதியான கொரோனா நோயாளிகள் நால்வரே. சோல் ரயில் நிலையத்தின் கூட்ட அறை ஒன்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பரிசோதனைக் கருவி நிறுவனங்களின் பிரதிநிதிகளை அதிகாரிகள் அழைத்தனர். உடனே கிட் வேண்டும், அனுமதி விரைவாகத் தருகிறோம் என்றனர். பிப்ரவரி 4 அன்று முதல் கிட்டுக்கு அனுமதி கிடைத்தது. அதே மாதம் 18 அன்று தேகு நகரில் 31-ஆம் நோயாளி கண்டறியப்பட்டு, அங்கே தொற்று காட்டுத்தீயாகப் பரவியபோது பரிசோதிக்கும் வலு கையில் இருந்தது. ஜியோங் நாள்தோறும் மக்கள்முன் வந்து எண்ணிக்கையைச் சொன்னார்.

அமெரிக்காவிலும் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது, கொரியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்ட ஏறக்குறைய அதே நாளில்தான். அங்குள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி, உலகெங்கும் இத்தகைய நிறுவனங்கள் பார்த்துக் கற்ற மூத்த அமைப்பு. அதன் முதல் கிட்டுகள் பிழைபட்டன. பிழை எவருக்கும் நேரும். அதைவிடப் பெரிய வீழ்ச்சி பிப்ரவரி 25-க்குப் பின் நிகழ்ந்தது. தொற்று சமூகத்தில் பரவப்போவது உறுதி என்று அதன் மூத்த அதிகாரி நான்சி மெசோனியே அன்று வெளிப்படையாகச் சொன்னார்; பங்குச்சந்தை சரிந்தது, வெள்ளை மாளிகை சினந்தது. பேசும் இடம் வெள்ளை மாளிகைக்கு மாறியது. அறிவும் பணமும் குறையாமல் இருந்தும் குரலை இழந்த சிடிசி, மாநிலங்களுக்கு வழிகாட்டும் தகுதியையும் பெருமளவு இழந்தது.

இவ்வாதத்துக்கு வரும் எதிர்வாதங்களில் இரண்டு கனமானவை. மக்கள் தேர்ந்தெடுத்த அரசே மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், நிபுணர் ஆலோசனையோடு நிற்க வேண்டும் என்பது முதலாவது. ஊரடங்கு போடுவதா, பள்ளியை மூடுவதா என்பவற்றில் இதை முழுமையாக ஏற்கிறேன். அவை பலருடைய பிழைப்பைத் தொடும் அரசியல் முடிவுகள். ஆனால் எத்தனை பேருக்கு நோய், எங்கே, எப்படிப் பரவுகிறது என்பது முடிவு அல்ல, செய்தி. அச்செய்தி வாக்காளருக்குக் கிட்டாதபோது அரசு எதற்குப் பதில் சொல்லும்?

இரண்டாவது எதிர்வாதம் கொரியாவிலிருந்தே வருகிறது. 2020-இன் தொடக்கத்தில் நோயாளிகளின் நடமாட்டம் மணிவாரியாக வெளியானது. அவர்கள் யாரென்று அக்கம்பக்கத்தார் ஊகித்து இழிவுபடுத்தினர். தேசிய மனித உரிமை ஆணையம் கண்டித்த பின் வழிமுறைகள் திருத்தப்பட்டன. அந்தக் காயம் உண்மையானது. சொல்லும் கடமையை எழுதும் சட்டம், சொல்லக்கூடாததையும் அதே கையோடு எழுத வேண்டும். மே மாதம் இதேவோன் கேளிக்கை விடுதிகளில் தொற்று பரவியபோது, பெயர் சொல்லாமலே பரிசோதனை செய்துகொள்ள சோல் நகரம் வழிசெய்தது. அங்கு சென்றிருந்த ஒருபால் ஈர்ப்பாளர்கள் அடையாளம் வெளிப்படுமென அஞ்சி ஒளியாமலிருக்க அது உதவியது.

அதே ஆண்டு ஜூன் மாதம் மையத்தைத் தனி முகமையாக உயர்த்தும் திட்டம் வந்தது. அதன் உள்ளே ஒரு குழி இருந்தது: மையத்தின் ஆய்வுப் பிரிவான தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தைப் பிரித்து அமைச்சகத்திடம் தருவது. பதவி உயரும், ஆய்வுக்கூடம் போய்விடும். வல்லுநர்கள் கடுமையாக எதிர்த்தனர். அதிபர் மூன் ஜே-இன் திட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். செப்டம்பர் 12 அன்று உருவான முகமையில் ஆய்வு நிறுவனம் கூடவே இருந்தது. சொந்தமாக அறியும் வழி இல்லாதவருக்குச் சொல்லும் உரிமை இருந்தும் பயனில்லை என்பதை அந்த எதிர்ப்பு உணர்ந்திருந்தது.

நமக்கு இது அயல்நாட்டுச் செய்தி அல்ல. 1909-இல் கசௌலியில் மலேரியா அமைப்பாகத் தொடங்கி 2009-இல் இன்றைய பெயர் பெற்ற நமது தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையம், சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககத்தின் கீழ் இயங்குகிறது. புனேயின் தேசிய நச்சுயிரியல் நிறுவனமோ இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐசிஎம்ஆர்) கீழ், சுகாதார ஆராய்ச்சித் துறை என்னும் வேறொரு கூரையில் இருக்கிறது. கண்காணிப்பு ஓரிடம், உயர்நிலை ஆய்வுக்கூடம் வேறிடம்: கொரியா 2020-இல் தவிர்த்த அதே பிரிவு. களப்பணியாளர்கள் மாநிலங்களின் கையில் இருக்கிறார்கள். 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமும் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிப் பணியாளர் அமைப்பும் கொண்ட தமிழ்நாடு இதில் முன்னோடி. ஆனால் நாடு கொரோனாவை எதிர்கொள்ள எடுத்த 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம் அரசுகளுக்கு அதிகாரம் தருகிறதே ஒழிய, எந்த அறிவியல் நிறுவனத்தையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுவதில்லை. அதற்கு மாற்றாக வரும் சட்டத்தில் தண்டனைப் பிரிவுகளைவிட முதலில் தேட வேண்டியது, நோய் உறுதியான எத்தனை மணி நேரத்துக்குள், எந்த அதிகாரி, யார் அனுமதியும் கோராமல் அதை வெளியிட வேண்டும் என்று சொல்லும் ஒரு பிரிவை.