கருநிறப் பீரும் இல்லத்து அடுப்பும்

ஒரு நாட்டு மக்களின் உணவையும் பானத்தையும் அவர்தம் மண்ணும் நீரும் பருவமுமே வகுத்துத் தருகின்றன. தென் ஜெர்மனியின் பவேரிய நாட்டில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிவரும் கருநிறப் பீர் இதற்கு நல்லதொரு சான்று. ஜெர்மானியர் அதனை ‘டுங்கெல்’ என்பர். இருண்டது என்பது அச்சொல்லின் பொருள். குவளையில் ஊற்றி ஒளிக்கு எதிரே பிடித்தால் செம்பழுப்பாக மின்னும். முகர்ந்தால் சுட்ட ரொட்டியின் மேலோட்டு மணம் எழும். இந்நிறத்தை எவரும் அழகு கருதித் தேர்ந்தெடுத்தாரில்லை. அடுப்பும் கிணறும் குளிர்காலமும் கூடி அதனைத் தந்தன. அவற்றின் பிடியிலிருந்து பெருந்தொழில் விடுபட்டபோது கருநிறம் சந்தையில் பின்தங்கிற்று. ஆயினும் அதனை ஈன்ற வடிப்புமுறை வீடுகளில் அழியாது நின்றது.

சட்டமும் பருவமும்

1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் இங்கோல்ஷ்டாட் நகரில் பவேரியக் கோமகன்களான நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லூட்விக்கும் ஓர் ஆணை பிறப்பித்தனர். பார்லி, ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூ, நீர் ஆகிய மூன்றையன்றி வேறெதுவும் பீரில் சேரலாகாது என்றது அது. பின்னாளில் ‘தூய்மைச் சட்டம்’ எனப் பெயர்பெற்ற அவ்வாணையின் பெரும்பகுதி விலையைப் பற்றியதே. மிக்கேல் திருநாள் தொடங்கி ஜார்ஜ் திருநாள் வரையிலான குளிர்காலத்தில் ஒரு ‘மாஸ்’ பீர் ஒரு ஃபென்னிக் காசுக்கு மேலும், எஞ்சிய மாதங்களில் இரண்டு காசுக்கு மேலும் விற்கலாகாது என்பது விதி.

ஈஸ்டைப் பற்றி ஆணையில் ஒரு சொல்லும் இல்லை. நொதித்தலைச் செய்வது ஓர் உயிர் என்பதை அக்காலத்தார் அறியார். பாலுக்கு உறைமோர் இடுவது போல, முன்னர் வடித்த பீரின் அடிமண்டியை எடுத்துப் புதியதில் இட்டனர், அவ்வளவே.

1553இல் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் மற்றோர் ஆணையிட்டார். ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் வடித்தல் கூடாது. வெயிற்காலத்தில் வடித்தது புளித்துக் கெட்டது. கொதிகலன்களின் அடுப்பால் தீவிபத்து அச்சமும் இருந்தது. ஆகவே கோடைக்கு வேண்டியதைக் குளிர்காலம் முடியுமுன்பே வடித்து, பனிக்கட்டி நிரப்பிய நிலவறைகளில் சேமித்தனர். சேமித்து வைத்தல் என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல்லிலிருந்தே ‘லாகர்’ என்ற பெயர் வந்தது. நிலவறைகளின் மேல் நிழலுக்காகக் கஷ்கொட்டை மரங்களை வளர்த்தனர். பிற்காலத்தில் அம்மர நிழல்களே மக்கள் கூடிக் குடிக்கும் தோட்டங்களாயின.

தடை எதிர்பாராத ஒன்றையும் நிகழ்த்திற்று. குளிரில் மெல்ல உழைத்துக் கலத்தின் அடியில் படியும் ஈஸ்ட் வகையே ஆண்டுதோறும் பிழைத்து மேலோங்கியது. அது இருவேறு இனங்களின் கலப்பு என்பதும், ரொட்டிக்கும் பீருக்கும் பயன்படும் பழைய ஈஸ்ட் அவற்றுள் ஒன்று என்பதும் தெரிந்திருந்தன. மற்றொரு பெற்றோரான குளிர்தாங்கும் காட்டினத்தை, அர்ஜென்டினாவின் படகோனியக் காடுகளில் கண்டறிந்ததாக ஆய்வாளர் 2011இல் அறிவித்தனர். பின்னர்த் திபெத்திலும் அயர்லாந்திலும் அது கிடைத்தது.

தீயும் நீரும்

பார்லியை நனைத்து முளைக்கவிட்டு, முளையின் வளர்ச்சியை வெப்பத்தால் நிறுத்தி உலர்த்தியதே மால்ட். விறகுத் தீயில் உலர்த்திய காலத்தில் சூட்டைக் கட்டுக்குள் வைத்தல் அரிது. மணிகள் பழுத்துப் பழுப்பாயின, புகையும் ஏறிற்று. புகைபடாத வெப்பக் காற்றில் உலர்த்தும் முறையில் அன்று முன்னின்றவர்கள் ஆங்கிலேயர். அதனை அறிய 1833இல் மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த கேப்ரியல் செடில்மாயரும், வியன்னாவின் அன்டன் டிரெஹரும் பிரிட்டன் சென்றனர். ஆலைகளைச் சுற்றிப் பார்க்கையில் உட்குடைந்த கைத்தடிகளில் நொதிக்கும் பீரைக் களவாக எடுத்துவந்து, தங்குமிடத்தில் அளந்து பார்த்தனர். நாடு திரும்பிய செடில்மாயரின் கையில் மால்ட் உலர்த்துதல் தேர்ந்த கலையாயிற்று. புகை நீங்கிற்று, பழுப்பு நிறமும் ரொட்டி மணமும் நின்றன. இன்று ‘மியூனிக் மால்ட்’ எனப்படுவது இம்மரபில் வந்ததே.

புகை நீங்கிய பின்னும் நிறம் நீங்காமைக்கு நீரே காரணம். மியூனிக்கின் நிலத்தடி நீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர். வெளிர் மால்டை மட்டும் அதில் ஊறவைத்தால் கலவையின் காரத்தன்மை மிகும். மாவுச்சத்து சர்க்கரையாவது தடைப்படும். ஹாப்ஸின் கசப்பும் நாவை அறுக்கும். கருமையேறிய மால்ட்டில் இயல்பாகவே அமைந்த புளிப்பு அக்காரத்தைத் தணிக்கிறது. வேதியியலின் துணையின்றி, நாவின் துணைகொண்டே மியூனிக் மக்கள் தம் நீருக்கேற்ற நிறத்தைக் கண்டடைந்தனர்.

அப்பீரின் புகழ் பரவிற்று. டென்மார்க்கின் யாக்கப்சன் 1845இல் ஷ்பாட்டன் ஆலையின் ஈஸ்டைப் பெற்று, வழியெங்கும் குளிர்நீர் ஊற்றிக் காத்து, குதிரைவண்டியில் கோபன்ஹேகனுக்குக் கொண்டுசென்றார். 1847இல் அவர் தொடங்கிய கார்ல்ஸ்பெர்க் ஆலை முதலில் வடித்ததும் பவேரியக் கருநிறப் பீரே. அங்கேதான் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்க்கும் முறையைக் கண்டார். கார்ல்ஸ்பெர்க் அதனைத் தனக்கென மூடிவைக்கவில்லை, பிறருக்கும் வழங்கிற்று.

பொன்னிறத்தின் எழுச்சி

இதற்கிடையில், பவேரியரான ஜோசப் குரோல் 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் வெளிர் மால்டைக் கொண்டு ஒரு பீரை வடித்தார். அந்நகரின் நீர் மிக மென்மையானது. ஆதலின் தெளிந்த பொன்னிறமும் இனிய கசப்பும் வாய்த்தன. கண்ணாடிக் குவளைகள் மலிவாகி வந்த காலம் அது. மண்குவளையில் மறைந்திருந்த நிறம் இப்போது கண்ணுக்கு விருந்தாயிற்று. 1870களில் கார்ல் ஃபான் லிண்டே உருவாக்கிய குளிர்ப்பொறி குளிர்காலத்தையே ஆலைக்குள் கொணர்ந்தது; நீரைப் பதப்படுத்தும் வழிகளும் கைவந்தன. 1894இல் ஷ்பாட்டன் ஆலையே வெளிர்நிறப் பீரை வடித்து வெளியிட்டது. மியூனிக்கின் ஆலையதிபர் சிலர் கருநிறமே தம் நகரின் அடையாளம் என்று எதிர்த்துப் பார்த்தனர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் பவேரியாவின் அன்றாடக் குவளை பொன்னிறத்துக்கே உரியதாயிற்று.

விண்மீன் தொங்கும் வீடுகள்

பீர் வடித்தல் ஆலைத் தொழிலாகுமுன் இல்லத்து வேலையாக இருந்தது. அதன் வாழும் எச்சத்தைப் பவேரியாவின் வடகிழக்கே, மேல் பாலட்டினேட் பகுதியில் இன்றும் காணலாம். விண்டிஷெஷன்பாக், நோய்ஹவுஸ், ஃபால்கென்பெர்க், மிட்டர்டைக், எஸ்லார்ன் ஆகிய ஐந்து ஊர்களில் ஊர்ப்பொதுவான வடிப்புக்கூடங்கள் உள்ளன. வடிப்புரிமை ஆளுக்கன்றி வீட்டுக்கே உரியது. உரிமையுள்ள குடும்பத்தார் முறைவைத்துக் கூடத்துக்கு வருவர், விறகடுப்பில் கொதிக்கவைப்பர், கலத்துக்குரிய கட்டணம் செலுத்துவர், அகன்ற தட்டைத் தொட்டியில் இரவெல்லாம் ஆறவிட்ட இன்னீரைத் தம் வீட்டு நிலவறைக்குக் கொண்டுசென்று நொதிக்கவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பர்.

பீர் முதிர்ந்ததும் வீட்டு முகப்பில் அறுமுனை விண்மீன் ஒன்றைக் கழியில் தொங்கவிடுவர். அக்குறியே ‘ஸொய்கல்’, அடையாளம் என்பது அதன் பொருள். வீட்டுக்கூடத்திலேயே அயலார் அமர்ந்து அருந்துவர். தீர்ந்ததும் விண்மீன் இறங்கும். அடுத்த வீட்டில் ஏறும். பெரும்பாலும் செம்பழுப்பான இப்பீரின் சுவை வீட்டுக்கு வீடு மாறும். ஒரே கூடம், ஒரே கொதிகலன், ஒரே நீர் என்றிருந்தும் சுவை வேறாவது கைப்பக்குவத்தால். முன்பு இத்தகைய கூடங்கள் பல ஊர்களில் இருந்தன, பெரும்பாலானவை மூடுண்டன. எஞ்சிய மரபை ஜெர்மனி 2018இல் தன் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இன்றைய இல்லத்து அடுப்பில்

பொதுக்கூடம் இல்லாத ஊர்களிலும் கருநிறப் பீரை வடிப்போர் இன்று உளர். அமெரிக்காவில் வீட்டில் பீர் வடிப்பதைக் கூட்டரசு வரியின்றி அனுமதித்த சட்டம் 1978இல் கையெழுத்தாயிற்று. ஜெர்மனியில் ஆண்டுக்கு 200 லிட்டராக இருந்த வீட்டு வடிப்பு வரிவிலக்கு 2024இல் 500 லிட்டராக உயர்ந்தது.

அவர்கள் செய்வது ஏறத்தாழ இதுவே. 20 லிட்டருக்கு மியூனிக் மால்ட் 5 கிலோ. அதனை உடைத்து வெந்நீரில் 66, 67 டிகிரி செல்சியசில் ஒரு மணிநேரம் ஊறவிடுவர். பழைய வழியை விரும்புவோர் கலவையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துத் தனியே கொதிக்கவிட்டு மீண்டும் சேர்ப்பர். வெப்பமானி இல்லாத காலத்தில் கலவையைப் படிப்படியாகச் சூடேற்ற முன்னோர் கண்ட உத்தி இது. இக்கொதிப்பில் மணமும் நிறமும் ஆழமாகும். ரொட்டியின் மேலோடு பழுப்பாகும் அதே வேதிவினை இங்கும் நிகழ்கிறது. 1912இல் அதனை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மையார்டின் பெயரையே அது தாங்குகிறது. வடித்தெடுத்த இன்னீரைக் கொதிக்கவைத்து, மென்மணமுடைய ஹாலர்டாவ் ஹாப்ஸ் 45 கிராம் அளவில் இட்டு, ஆறவைத்து ஈஸ்ட் சேர்ப்பர்.

பொறுமையில்லாதவர் இங்கேதான் தவறுவர். நிறம் வேண்டிக் கருக வறுத்த மால்டை அள்ளியிட்டால் காப்பிக் கசப்பே மிஞ்சும். நொதித்தல் 10 டிகிரியில் இரு வாரங்கள் நடைபெற வேண்டும். வெண்ணெய் நாற்றம் எழுந்தால் இரு நாள்கள் 15 டிகிரிக்கு உயர்த்த, ஈஸ்டே அதனை விழுங்கிவிடும். பின்னர் உறைநிலையை ஒட்டிய குளிரில் ஆறு முதல் எட்டு வாரங்கள் கிடத்தல் வேண்டும். ஆறு நாளில் சுவைத்தவனுக்குக் கலங்கலும் கந்தக வாடையுமே கிட்டும்.

குளிர்காலம் இன்று பெட்டிக்குள் அடங்கிவிட்டது; நீரைக் கடினமாகவும் மென்மையாகவும் ஆக்கலாம்; மால்டும் ஈஸ்டும் விலைக்குக் கிடைக்கின்றன. கருநிறத்தை வடித்தே ஆகவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஒருகாலத்தில் வேறு வழியின்றி வடித்ததை இன்று விரும்பி வடிக்கின்றனர். ஐந்நூறு ஆண்டுகளில் மாறாதது காத்திருப்பு ஒன்றே. நிலவறையில் கலத்தை வைத்துவிட்டு வாரங்களை எண்ணும் அந்த வீட்டாரிடமே ஐந்தாம் ஆல்பிரெக்டின் குளிர்காலம் இன்னும் மிச்சமிருக்கிறது.