ரூமி கான்: துரோகி என்ற சொல்லுக்கு அப்பால்

குஜராத் சுல்தானகத்தின் வீழ்ச்சியைப் பேசும் நூல்கள் ரூமி கானைத் துரோகி என்றே குறிக்கின்றன. 1535இல் சுல்தான் பகதூர் ஷாவைக் கைவிட்டு முகலாயப் பேரரசர் ஹுமாயூனிடம் சேர்ந்தவர் அவர். முக்கால் நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட 'மிராத்-இ-சிக்கந்தரி', பகதூரின் கிளியே அவரைக் கண்டு துரோகி எனத் தூற்றியதாகக் கதை சொல்கிறது. ஆனால் அவருடைய பணிவாழ்வு முழுவதையும் நோக்கினால், அந்த ஒரு சொல் பலவற்றை மறைத்துவிடுவது புலப்படும்.

இயற்பெயர் முஸ்தபா. செங்கடலில் போர்த்துகீசியரை எதிர்த்த ஒட்டோமான் கடற்படைத் தலைவர் செல்மான் ரெய்ஸின் சகோதரி மகன். உட்பகையால் செல்மான் கொல்லப்பட்டபின், கொன்றவரைப் பழிதீர்த்துவிட்டு, குவாஜா சஃபரோடும் படைவீரர்களோடும் பீரங்கிகளோடும் 1531இல் டையூ வந்தடைந்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் நூனோ டா குன்ஹாவின் பெரும் கப்பற்படை டையூவைத் தாக்கித் தோற்றுத் திரும்பியதில் முஸ்தபாவின் பீரங்கிகளுக்குப் பெரும் பங்குண்டு. 'ரூமி கான்' என்ற பட்டம் பகதூர் அளித்தது. ரூம், அதாவது அனத்தோலிய நிலப்பகுதியிலிருந்து வந்தவர் என்பது அதன் பொருள்.

1535 மார்ச்சில் சித்தோர் கோட்டை வீழ்ந்ததும் அவருடைய பீரங்கிகளாலேயே. வென்றால் கோட்டைப் பொறுப்பு உமக்கே என்று வாக்களித்திருந்த சுல்தான், அமைச்சர்களின் பேச்சைக் கேட்டுப் பின்வாங்கினார். வலிமைமிக்க கோட்டையும் பீரங்கிப்படையும் ஓர் அயலவர் கையில் ஒருசேர இருப்பதை அவை அஞ்சியது.

அடுத்து மந்த்சௌரில் ஹுமாயூனை எதிர்கொண்டபோது, வண்டிகளைப் பிணைத்து அரணமைத்துப் பீரங்கிகளோடு உள்ளிருக்கலாம் என்று ரூமி கான் கூறினார். 1526இல் பானிபட்டில் பாபர் வென்றதும் இதே ரூமி முறையில்தான். ஆனால் முகலாயர் அரணைத் தாக்காமல் உணவு வரும் வழிகளை அடைத்தனர். பட்டினியில் படை சிதைய, சுல்தான் இரவில் தப்பியோடினார். ரூமி கான் எதிரணியில் சேர்ந்தார்.

ஹுமாயூனுக்காக அவர் செய்த பெரும்பணி சுனார் கோட்டை முற்றுகை. கங்கையில் படகுகளைப் பிணைத்து, அவற்றின்மேல் பீரங்கி மேடை எழுப்பிக் கோட்டையைப் பணியவைத்தார். ஆனால் அம்முற்றுகை விழுங்கிய மாதங்களில் ஷேர் கான் வங்கத்தின் கௌர் நகரைக் கைப்பற்ற முனைந்து 1538இல் வென்றார். சுனார் வீழ்ந்த சில நாட்களில் ரூமி கான் இறந்தார். பொறாமை கொண்ட முகலாயப் பிரபுக்கள் நஞ்சிட்டனர் என்று சில வரலாற்றாசிரியர்கள் எழுதினர்.

உடன் வந்த குவாஜா சஃபர் குஜராத்திலேயே தங்கினார். துறைமுக நிர்வாகத்தில் வேரூன்றி, 'குதாவந்த் கான்' ஆகி, சூரத் கோட்டையைக் கட்டி, 1546இல் டையூ முற்றுகையில் மாண்டார். 'ரூமி கான்' பட்டம் பின்னர் அவர் மகனுக்குச் சென்றது. ஒருவர் போனால் மற்றொருவருக்கு உரியதாகும் பதவியாகவே அவை அப்பட்டத்தைக் கருதியது.

முஸ்தபாவுக்கு நிலமில்லை, குலமில்லை. கைவசம் இருந்தது பீரங்கிக் கலை ஒன்றே. அக்கலையை அரசர்கள் விரும்பினர். அதை உடையவரை நம்பவில்லை. இரு அரசவைகளிலும் அவருக்கு நேர்ந்தது ஒன்றே: கோட்டை வீழும்வரை மதிப்பு, வீழ்ந்தபின் அச்சம். வாக்குத் தவறிய சுல்தானை அந்நூல்கள் துரோகி என்று அழைக்கவில்லை என்பதும் கருதத்தக்கது.