பாதக் குறுக்கப் பயிற்சி

பாதத்துக்குள்ளேயே தொடங்கி முடியும் சிறுதசைகளுக்கு வலுவூட்டும் இயன்முறை சிகிச்சைப் பயிற்சி. செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாண்டாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. நாற்காலியில் அமர்ந்து, பாதம் தரையில் பதிந்திருக்க, பெருவிரலின் அடிமேட்டைக் குதிகாலை நோக்கி இழுக்க வேண்டும். உள்வளைவு கொஞ்சம் எழும்பும். விரல்கள் மடங்கக் கூடாது. மடங்கினால் கெண்டைக்காலிலிருந்து இறங்கும் நீண்ட தசைகள் வேலையைப் பறித்துக்கொள்ளும். தரையில் கிடக்கும் துண்டை விரல்களால் சுருட்டும் பழைய பயிற்சியின் குறையும் இதுதான். 5 விநாடி நிறுத்தித் தளர்த்தலாம். பழகியபின் நின்றும், ஒற்றைக்காலிலும், முழங்கால் மடித்து நிற்கும் பரதநாட்டிய நிலையான அரைமண்டியிலும் செய்யலாம்.

பரதநாட்டியம் ஆடுவோருக்கும் இந்தப் பயிற்சி பொருந்தும். மலேசியாவில் 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், 1983இல் ரம்லி இப்ராகிம் நிறுவிய சூத்ரா ஆகிய கலை அமைப்புகள் பரதநாட்டியத்தை வளர்த்தவை. வெறுங்காலில் ஆடும் கலை இது. லகாட் ஊரில் சிமெண்டுத் தரையில், பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவு பழகும் பிள்ளைக்குச் சப்பாத்தின் மெத்தை கிடையாது. அதிர்வைப் பாதமே வாங்க வேண்டும்.