தண்டவாளம் யாருடையது?

சென்னையிலிருந்து வந்த பெரியப்பா எங்கள் நியூஜெர்சி வீட்டில் மூன்று மாதம் இருந்தார். இரண்டாம் வாரமே கேட்டுவிட்டார்: “ஏம்மா, இவ்வளவு பெரிய தேசம், ராத்திரி ஏறிப் படுத்தா காலையில ஊர் வந்து சேர்ற மாதிரி நாலு ரயில் விட மாட்டாங்களா?” உங்கள் வீட்டுக்கு வந்த யாராவது இதைக் கேட்டிருப்பார்கள். “இங்க எல்லாரும் கார் வெச்சிருக்காங்க” என்று சொல்லி நாமும் சமாளித்திருப்போம். அது பாதிப் பதில்தான்.

அமெரிக்காவில் ரயில்கள் ஏராளம். அவற்றில் போவதுதான் பெரும்பாலும் மனிதர்கள் இல்லை. வயோமிங்கின் நிலக்கரி, அயோவாவின் சோளம், லாங் பீச் துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்கள் எல்லாம் ரயில் ஏறுகின்றன. கன்டெய்னர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியே கொண்டுபோகிறார்கள். உங்கள் காலில் இருக்கும் ஸ்னீக்கர்ஸ் உங்களைவிட அதிக தூரம் ரயிலில் போயிருக்கலாம்.

தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்தே ஓடின. 1828 ஜூலை 4 அன்று பால்டிமோரில் ஒரு ரயில் பாதைக்கு முதல் கல் நட்டார்கள். 1869 மே 10 அன்று யூட்டாவில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் சந்தித்தன. நியூயார்க்கிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தவர்கள் அதன்பின் ஒரு வாரத்தில் போனார்கள். சியரா நெவாடா மலையைக் குடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். பாதை முடிந்து 13 ஆண்டுகளில், 1882ல், சீனத் தொழிலாளர்கள் இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். குடியேறியவர்களின் பிள்ளைகளான நாம் இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி புல்மேன் பெட்டிகளின் கதை. இரவு ரயிலில் படுக்கை விரித்து, ஷூ துடைத்து, பெட்டி தூக்கியவர்கள் கறுப்பினப் பணியாளர்கள். அவர்களுக்கு என்ன பெயர் இருந்தாலும் பயணிகள் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிடுவார்கள். ஏன் தெரியுமா? கம்பெனி முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மேன். 1925ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் வைத்தார்கள். கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட 12 ஆண்டுகள் ஆயின. ஊர் ஊராகப் போனவர்கள் என்பதால் வடக்கில் அச்சான கறுப்பினப் பத்திரிகைகளைத் தெற்கே கொண்டுபோனதும் இவர்கள்தான். 1955ல் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் கைதானபோது ஜாமீனில் எடுக்கப் போன ஈ. டி. நிக்சன் ஒரு புல்மேன் பணியாளர்.

பயணிகள் குறைந்ததற்குக் கார் ஒரு காரணம். 1956ல் மத்திய அரசு நாடு முழுக்க ஹைவே போடப் பணம் ஒதுக்கியது. ரயில் கம்பெனிகளோ தங்கள் பாதையைத் தாங்களே பராமரித்து, அதற்குச் சொத்துவரியும் கட்ட வேண்டியிருந்தது. ஜெட் விமானம் வந்தது. கடைசி அடி 1967ல் விழுந்தது: தபால்துறை தன் கடிதங்களைப் பெரும்பாலும் ரயிலிலிருந்து எடுத்துவிட்டது. பல பயணி ரயில்களின் நஷ்டத்தை அதுவரை ஈடுகட்டியது அந்தத் தபால் வருமானம். 1920களின் கடைசியில் சுமார் 20,000 பயணி ரயில்கள் ஓடிய நாட்டில் 1970ல் 500கூட மிஞ்சவில்லை. அந்த ஆண்டு ஜூனில் பென் சென்ட்ரல் என்ற பெரிய கம்பெனியே திவாலானது.

அப்போது ஒரு பேரம் நடந்தது. நஷ்டமானாலும் பயணிகளை ஏற்றியாக வேண்டும் என்பது அதுவரை கம்பெனிகளின் சட்டக் கடமை. அந்தக் கடமையை அரசு ஆம்ட்ராக் என்ற புது நிறுவனத்துக்கு மாற்றியது. 1971 மே 1 அன்று ஆம்ட்ராக் ஓடத் தொடங்கியது. அதே நாளில் மிஞ்சியிருந்த ரயில்களிலும் ஏறத்தாழ பாதி நின்றுபோயின. தண்டவாளம் மட்டும் கம்பெனிகளிடமே இருந்தது. 1980ல் சரக்குக் கட்டணத்தைத் தாங்களே பேசி முடிவுசெய்ய அவற்றுக்கு அனுமதி கிடைத்தது. லாபமில்லாத கிளைப் பாதைகளைக் கைவிட்டு, சரக்கை மட்டும் கவனித்து, அவை மறுபடி எழுந்து நின்றன. சரக்கு ரயிலைப் பொறுத்தவரை இது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன். அந்தச் சுமையெல்லாம் லாரியில் போனால் நம் ஹைவேக்களின் கதி என்ன?

வாஷிங்டன் முதல் பாஸ்டன் வரையிலான பாதையில் பெரும்பகுதி ஆம்ட்ராக்குக்கே சொந்தம். அங்கே ரயில்கள் அடிக்கடி ஓடுவது தற்செயல் இல்லை. மற்ற இடங்களில் ஆம்ட்ராக் பெரும்பாலும் குடித்தனக்காரர்தான். பல இடங்களில் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வண்டி வந்தால் ஒன்று கிளைப்பாதையில் ஒதுங்க வேண்டும். சரக்கு ரயில் அந்தக் கிளைப்பாதையைவிட நீளமாக இருந்தால் ஒதுங்குவது யார்? பயணி ரயில்தான்.

இத்தனைக்கும் பயணி ரயிலுக்கே முன்னுரிமை என்று 1973லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் அதை மீறினால் நீதிமன்றம் போகும் உரிமை நீதித்துறைக்கு மட்டுமே உண்டு, ஆம்ட்ராக்குக்குக் கிடையாது. நீதித்துறை 1979ல் ஒருமுறை வழக்குப் போட்டது. அடுத்த வழக்கு 2024ல்தான் வந்தது. நியூயார்க்குக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஓடும் ‘கிரெசன்ட்’ ரயிலைத் தாமதப்படுத்துவதாக நார்ஃபோக் சதர்ன் கம்பெனி மீது தொடுத்த வழக்கு அது. கிரெசன்ட் நிற்கும் இடங்களில் மிசிசிப்பியின் பிக்கயூன் போன்ற சிற்றூர்களும் உண்டு. அங்கே ஒரு நாளைக்கு ஒரு திசையில் ஒரே ஒரு ரயில்தான்.